மலைக்கு ஏன் பூட்டு?

குட்டீஸ், 2024ம் ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் 'ட்ரெக் தமிழ்நாடு'. காட்டுக்குள்ளும் மலைமேலும் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, ஆன்லைனில் பணம் கட்டினால் வழிகாட்டியோடு நடந்து போய் வரலாம் என்றார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் நான்கு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 2025 பிப்ரவரி நடுவில் மலையேற்றத்தை நிறுத்திவிட்டார்கள். ஏப்ரல் நடு வரை யாரும் வர வேண்டாம் என்று அறிவிப்பு!

இது என்ன வேடிக்கை? பிப்ரவரியில் மழை இல்லை. வழுக்கல் இல்லை. அட்டைப்பூச்சித் தொல்லை குறைவு. வானம் பளிச்சென்று இருக்கிறது. நடப்பதற்கு இதைவிட வசதியான நேரம் ஏது என்று நினைக்கத் தோன்றும். நடக்க வசதியான அதே காலம்தான் தீக்கும் வசதியான காலம். அதனால்தான் பூட்டு.

"நான் மலையேறப் போவதில்லை, எனக்கு எதற்கு இது?" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஆண்டு விடுமுறை வந்தால் பள்ளியில் முகாம், சாரணர் முகாம், குடும்பத்தோடு கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை என்று கிளம்புகிறீர்கள் இல்லையா? இப்போதெல்லாம் "கூடாரத்தில் தங்கலாம், கேம்ப் ஃபயர் உண்டு, பார்பிக்யூ உண்டு" என்று விளம்பரமும் வருகிறது. முகாம் என்றாலே கேம்ப் ஃபயர்தான் கொண்டாட்டம். ஆகவே இந்த விஷயம் உங்களுடையதும்தான்.

முதலில் குரங்கணியில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களில் பலர் அப்போது மிகச் சிறியவர்களாக இருந்திருப்பீர்கள். சிலர் பிறந்தே இருக்க மாட்டீர்கள்.

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கிறது குரங்கணி மலை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழுவும் வார விடுமுறைக்கு மலையேற வந்திருந்தன. கொழுக்குமலைப் பக்கமிருந்து அவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தபோது காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. சுற்றிலும் ஆளுயரத்துக்குக் காய்ந்த புல். புகையில் பாதை தெரியவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் ஓடினார்கள். சேதி தெரிந்ததும் முதலில் மேலே ஏறி ஓடியவர்கள் அக்கம்பக்கத்து மலைக்கிராம மக்கள். பிறகு வனத்துறையினர், தீயணைப்பு வீரர்கள், விமானப்படை ஹெலிகாப்டர்கள் எல்லாம் வந்தன. அப்படியும் அங்கேயும் பின்னர் மருத்துவமனையிலுமாக 23 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள்.

அவர்கள் நல்ல உடல்பலம் உள்ளவர்கள். ஓடத் தெரியாதவர்கள் அல்ல. பிறகு ஏன் தப்பிக்க முடியவில்லை? மலைச்சரிவில் தீ நாம் நினைப்பதுபோல நடந்துகொள்வதில்லை.

வீட்டில் அம்மா விளக்கு ஏற்றும்போது கவனியுங்கள். (நீங்கள் செய்ய வேண்டாம், பார்த்தால் போதும்.) தீக்குச்சியின் தலை மேலே இருந்தால் சுடர் மெதுவாகத்தான் கீழே இறங்கும். குச்சியைக் கொஞ்சம் கவிழ்த்துப் பிடித்தால் போதும், சுடர் விரலை நோக்கிச் சரசரவென்று ஏறும். குச்சி அதேதான், மருந்தும் அதேதான். சூடான காற்று எப்போதும் மேல்நோக்கிப் போகும். அது மேலே இருக்கும் குச்சியை முன்னதாகவே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. அப்புறம் தீ வந்து தொட வேண்டியதுதான் பாக்கி.

மலைச்சரிவும் அப்படிச் சாய்த்துப் பிடித்த குச்சிதான். சரிவு 10 டிகிரி கூடினால் மேலே ஏறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நமக்கோ மேடு ஏறினால் மூச்சு வாங்கும். தீக்கு மேடு ஏற ஏற வேகம் கூடும். இந்தப் பந்தயத்தில் மனிதன் ஜெயிக்க முடியாது. அதனால்தான் தீ கீழே தெரிந்தால் மேலே ஓடாதீர்கள் என்கிறார்கள். பக்கவாட்டில் விலகி, வெறும் பாறை, ஓடை, மண்பாதை, ஏற்கெனவே எரிந்து கருகி ஆறிப்போன இடம் என்று எரிவதற்கு எதுவுமில்லாத பக்கம் போக வேண்டும்.

அடுத்தது புல். ஒரு பெரிய மரக்கட்டையில் தீக்குச்சியை வைத்தால் பற்றுமா? பற்றாது. அதையே சீவிச் சுருள் சுருளாகப் போட்டால்? நொடியில் பற்றும். மெல்லிய பொருள் சீக்கிரம் காயும், சீக்கிரம் எரியும். மழை நின்று ஒன்றிரண்டு மாதத்தில் மலைப்புல் எல்லாம் இந்தச் சீவல் போல ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு உண்ணிச்செடி. சின்னச் சின்னக் கொத்துப் பூவோடு அழகாக இருக்குமே, அதுதான். வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்று நம் காடுகளில் புதராக மண்டிக் கிடக்கிறது. தரையில் எரியும் தீ அதைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறுவதுபோல மரத்துக்கு ஏறிவிடும். கொடைக்கானல் பக்கம் பைன் மரங்களும் தைல மரங்களும் இருக்கின்றன. உதிர்ந்த பைன் ஊசியில் பிசின், தைல இலையில் எண்ணெய். கேட்க வேண்டுமா?

இத்தனை இருந்தும் தீ தானாகப் பிறப்பதில்லை. மூங்கிலும் மூங்கிலும் உரசித் தீப்பிடிக்கும் என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கதைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நம் நாட்டுக் காட்டுத்தீயில் பெரும்பாலானது மனிதன் வைத்தது அல்லது அணைக்காமல் விட்டது என்பதுதான் வனத்துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வது. புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் தீ, வீசியெறிந்த பீடித்துண்டு, சமைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன அடுப்பு.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் காடுகளைக் கண்காணித்து, எங்காவது தீ தெரிந்தால் அந்தப் பகுதி வனத்துறையினருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. பிரமாதம்தான். ஆனால் அதில் உள்ள கருவி ஒன்றின் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர் சதுரம். நீங்கள் நாலு பேர் உட்கார்ந்து குளிர் காயும் தீ அதன் கண்ணில் படுவது கஷ்டம். அது கண்ணில் படும் அளவுக்கு வளர்ந்தபிறகு, வாளித் தண்ணீரால் அணைக்கும் கட்டம் தாண்டியிருக்கும்.

"சின்ன அடுப்புத்தானே, என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களுக்குச் சிலி நாட்டில் நடந்ததைச் சொல்லலாம். தென் அமெரிக்காவின் தென்கோடியில் டோரஸ் டெல் பைனே என்று ஒரு தேசியப் பூங்கா உண்டு. பனிமலை, ஏரி, காடு என்று உலகமே வந்து பார்க்கும் இடம். எப்போதும் பலத்த காற்று. 2005ம் ஆண்டு பிப்ரவரியில் செக் நாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவர், கூடாரம் போடக் கூடாத இடத்தில் தங்கி, கையடக்க கேஸ் அடுப்பில் சமைத்தார். அடுப்பு சாய்ந்தது. அவ்வளவுதான். சுமார் 15,000 ஹெக்டேர் எரிந்துபோனது. பழைய சென்னை மாநகரம் கிட்டத்தட்ட முழுவதும் எரிந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்! செக் அரசு தன் நாட்டுக்காரரால் வந்த சேதம் என்பதால் பணமும் நிபுணர்களும் அனுப்பி அங்கே மரக்கன்று நட உதவியது. அந்தக் குளிரில் மரங்கள் ஆமை வேகத்தில்தான் வளரும். நட்டவர்கள் காடாகப் பார்ப்பார்களா என்பது சந்தேகமே.

அதோடு முடிந்ததா? இல்லை. 2011ம் ஆண்டு டிசம்பரில் அதே பூங்காவில் இன்னொரு வெளிநாட்டுப் பயணி, கழிவறைக் காகிதத்தைக் குப்பையாக விடக் கூடாது என்று எரித்தார். அது சரியாக அணையவில்லை. இந்த முறை சுமார் 17,000 ஹெக்டேர். குப்பை போடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான்! இப்போது அந்தப் பூங்காவில் திறந்தவெளியில் தீ மூட்டவே கூடாது. அடுப்புக்கும் குறித்த இடம் மட்டும்தான்.

"சரியாக அணையவில்லை" என்றேனே, அதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நம் தமிழில் 'நீறு பூத்த நெருப்பு' என்பார்கள். நீறு என்றால் சாம்பல். மேலே சாம்பல், உள்ளே கனல். பார்த்தால் அணைந்தது போல இருக்கும். யாரோ அனுபவப்பட்டுத்தான் இந்தச் சொல்லை உண்டாக்கியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டிய மலையில் 2025 ஜனவரி 1ம் தேதி நள்ளிரவு கடந்ததும் ஒரு தீ. மொத்தம் 8 ஏக்கர்தான். தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்தும்விட்டார்கள். ஆனால் செடிகளின் வேர்களில், மண்ணுக்கு அடியில், கனல் ஒளிந்துகொண்டிருந்தது என்கிறார்கள் புலன்விசாரணை செய்தவர்கள். ஆறு நாள் கழித்து, ஜனவரி 7ம் தேதி சூறைக்காற்று அடித்தது. ஒளிந்திருந்தது எழுந்தது. அதுதான் பாலிசேட்ஸ் தீ. 12 பேர் இறந்தார்கள். 6,800க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. முதல் தீயை வேண்டுமென்றே வைத்ததாக 2025 அக்டோபரில் ஒருவரைக் கைது செய்தார்கள். அவர் மறுத்திருக்கிறார். அது நீதிமன்றத்தின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது வேறு: குழாயும் பம்பும் வைத்திருந்த வீரர்களையே ஒரு கனல் ஏமாற்றியிருக்கிறது. நம்முடைய ஒரு செம்புத் தண்ணீர் எம்மாத்திரம்?

ஆகவே முகாமில் தீயை அணைப்பது என்றால் இப்படி. முதலில் கட்டை எரிந்து சாம்பலாகும் வரை விட வேண்டும். பிறகு வாளி நிறையத் தண்ணீரை மெதுவாகச் சுற்றிலும் ஊற்ற வேண்டும். 'உஸ்ஸ்' என்ற சத்தம் அடங்கினால் முடிந்தது என்று அர்த்தமில்லை. நீளக் குச்சியால் கிளறி, கட்டைகளைப் புரட்டி, அடியிலும் நனைக்க வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி கிளறல். கடைசியில் ஆசிரியரோ பெரியவரோ புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. மண்ணைப் போட்டு மூடிவிட்டால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். கூடாது. மண் கனலுக்குப் போர்வை போர்த்திய மாதிரி. கடற்கரை மணலில் இப்படி மூடிவிட்டுப் போன கனலை மறுநாள் காலை மிதித்துக் காலைப் புண்ணாக்கிக்கொண்ட குழந்தைகள் உண்டு.

மூட்டும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். அனுமதித்த இடம்தானா என்பது முதல் கேள்வி. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். பள்ளி மைதானம் போன்ற இடத்தில் என்றால், சுற்றிலும் சருகைப் பெருக்கி வெறும் தரையாக்கிவிட்டு, கூடாரத்திலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி மூட்டலாம். தலைக்கு மேலே கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். தண்ணீர் வாளி தீக்குச்சிக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். பற்ற மாட்டேன் என்கிறது என்று பெட்ரோலோ மண்ணெண்ணெயோ சானிடைசரோ ஊற்ற எந்த அண்ணனாவது வந்தால், உடனே ஆசிரியரைக் கூப்பிடுங்கள். கோள் சொல்வதாகாது! தீயைச் சுற்றி அடுக்க ஆற்றுக்குள்ளிருந்து ஈரக் கல்லை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, கல் டமார் என்று வெடிக்கலாம்.

மார்ச், ஏப்ரலில் காட்டை ஒட்டிய இடத்தில் "கேம்ப் ஃபயர் இலவசம்" என்று ஆசை காட்டுபவர்களை என்ன சொல்வது! குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர் யாராக இருந்தாலும், வனத்துறையிடம் அனுமதி வாங்கினீர்களா, காற்று அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். அப்பா கேட்கத் தயங்கினால் நீங்கள் கேளுங்கள். குரங்கணியில் அந்தக் குழுக்கள் போன பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்று பின்னர் தெரியவந்தது. அதன்பிறகுதான் தமிழக அரசு 2018லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது.

பூட்டுப் போடுவதிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. மலையேற்றத்துக்கு வழிகாட்டியாக இருப்பவர்கள் பழங்குடி, மலைக்கிராம இளைஞர்கள். இரண்டு மாதம் மூடினால் அவர்களுக்கு அந்த வருமானம் இல்லை. தீ வந்தால் பச்சை இலைக்கொத்தை ஒடித்துக்கொண்டு அடித்து அணைக்க ஓடுபவர்களும் மலைக்கிராமத்தவர்கள்தான். அந்த இரண்டு மாதமும் அவர்களைத் தீத்தடுப்பு வேலைக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கோடைக்கு முன்பு காட்டில் புல்லை வெட்டி, நீளமாக வெறும் பட்டையாக விடுவார்கள். தீத்தடுப்புக் கோடு என்று பெயர். அது வரை வந்த தீ தாண்ட முடியாமல் நிற்கும். அந்த வேலைக்கு எத்தனை கை இருந்தாலும் போதாது.

தீ வெளியே மட்டும் இல்லை. கூடாரம் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர் துணி. அது எரிவதோடு உருகி உடம்பிலும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே கொசுவர்த்திச் சுருள் வேண்டாம், மெழுகுவர்த்தி வேண்டாம். டார்ச் போதும். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை, உடம்பில் தடவும் களிம்பு.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. 2024ம் ஆண்டு கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இளைஞர்கள் இருவர், கரி அடுப்பில் கோழி சுட்டுவிட்டு, அடுப்பு அறைக்குள்ளேயே இருக்கத் தூங்கிப்போனார்கள். எழுந்திருக்கவில்லை. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், தூக்கம். அவ்வளவுதான். எவ்வளவு குளிர் என்றாலும் கரி அடுப்பு கூடாரத்துக்குள்ளும் அறைக்குள்ளும் வரக் கூடாது. அணைத்துவிட்டோம் என்றாலும் கூடாது. அதற்குள்ளும் நீறு பூத்திருக்கும்.

மூடிய இடத்தில் அடுப்பு என்றதும் மதுரை நினைவுக்கு வருகிறது. லக்னோவிலிருந்து வந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்றை மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்தார்கள். 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. பெட்டிக்குள் விதியை மீறிக் கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். வெட்டவெளியில் என்றால் விலகி ஓடலாம். பெட்டிக்குள் எங்கே ஓடுவது?

துணியில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் காற்று பட்டு இன்னும் எரியும். அப்படியே நின்று, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, தரையில் படுத்து உருளுங்கள். சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். ஐஸ் கட்டி, பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம். அதன்பிறகு டாக்டர். மலையில் எங்காவது புகை தெரிந்தால் தீயணைப்புத் துறைக்கு 101, அல்லது அவசர உதவிக்கு 112. எந்த ஊர்ப் பக்கம், எந்த மலை, சாலையில் எந்த மைல்கல் அருகில் என்று சொல்ல வேண்டும். அதனால் மலைப்பாதையில் போகும்போது மைல்கல்லைப் படித்துக்கொண்டே வாருங்கள். ஜன்னலோர சீட்டுக்கு ஒரு வேலையும் ஆயிற்று!